மெய்நிகர் உலகில் மனவெழுச்சிகளின் காட்சி வடிவம்

மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம் முதலான மனவெழுச்சிகளை எவரும் நேரடியாகக் கண்டதில்லை. நாம் காண்பவை அவற்றின் அடையாளங்களே. விரியும் உதடு, கலங்கும் கண், தாழும் தோள், தளரும் நடை ஆகியவற்றைக் கொண்டே பிறர் உள்ளத்தின் நிலையை நாம் ஊகித்தறிகின்றோம். இவ்வுண்மையைப் பார்வை பற்றிய விஞ்ஞானத்தின் ஒரு பகுதியாக வைத்து ஆராய்ந்தவர்களுள் இப்னுல் ஹைதம் முக்கியமானவர். கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்த இவர், கெய்ரோவில் வாழ்ந்து கி.பி. 1040 அளவில் காலமானார். ஏழு பாகங்களைக் கொண்ட அவரது ‘கிதாபுல் மனாழிர்’ பிற்காலத்தில் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது.

அந்நூலின் இரண்டாம் பாகத்தில், கண்ணினால் அறியப்படும் பண்புகள் 22 என அவர் வரையறுக்கின்றார். ஒளி, நிறம், தூரம், உருவம், பருமன், அசைவு, ஓய்வு, நிழல் என அப்பட்டியல் நீள்கின்றது. மகிழ்ச்சியோ துயரமோ அதில் தனியோர் இடத்தைப் பெறவில்லை. சிரிப்பும் முகச்சுளிப்பும் முகத்தின் வடிவத்திலிருந்து அறியப்படுவதால் அவை ‘உருவம்’ என்பதன் கீழ் அடங்கும் எனவும், அழுகை முகத்தின் வடிவமும் கண்ணீரின் அசைவும் சேர்ந்து அறியப்படுவதால் அது ‘உருவம்’, ‘அசைவு’ ஆகிய இரண்டின் கீழும் அடங்கும் எனவும் அவர் விளக்குகின்றார். கண் காண்பது உருவத்தையும் அசைவையும் மாத்திரமே. அதனைத் துயரம் என விளங்கிக்கொள்வது அறிவின் பணியாகும்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளின் பின்னர், கணினி விஞ்ஞானிகள் இதே பிரச்சினையை மறுமுனையிலிருந்து எதிர்கொள்கின்றனர். கணினியினால் உருவாக்கப்படும் மெய்நிகர் உலகில் ஒரு மனிதனின் மனவெழுச்சியை இன்னொருவர் காணும்படி செய்ய வேண்டுமாயின், அதனை உருவமாகவும் அசைவாகவுமே காட்ட முடியும். எந்த உருவம்? எந்த அசைவு? அவற்றைத் தெரிவு செய்பவர் யார்? இக்கேள்விகளுக்கு அளிக்கப்பட்டுள்ள விடைகளையும், அவற்றினால் எழும் ஒழுக்கவியல் பிரச்சினைகளையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

முகத்தை மறைக்கும் கருவி

மெய்நிகர் யதார்த்தம் என்பது, கணினி வரைந்து காட்டும் முப்பரிமாண உலகொன்றினுள் தான் இருப்பதாக ஒருவரை உணரச் செய்யும் தொழினுட்பமாகும். அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் 1968இல் தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றை அமைத்துக் காட்டினார். கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்த அக்கருவியை அணிந்தவர் தலையைத் திருப்பும்போது, அவர் முன் தெரிந்த கோட்டுருவங்களும் அதற்கேற்ப மாறின. 1980களில் ஜரன் லனியர் இத்துறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பரவலாக்கினார். ஹெட்செட் என அழைக்கப்படும் இன்றைய கருவிகள் சதர்லண்ட் அமைத்த கருவியின் வழித்தோன்றல்களே.

இக்கருவியில் ஒரு முரண்பாடு உண்டு. மனிதனை மனிதனுக்கு அண்மையில் கொண்டு வருவதாகக் கூறும் அது, மனவெழுச்சிகளை அதிகம் வெளிப்படுத்தும் உறுப்புகளான கண்களையும் புருவங்களையும் முற்றாக மூடி விடுகின்றது. மெய்நிகர் உலகில் ஒருவரைப் பிரதிநிதித்துவம் செய்யும் உருவம் ‘அவதார்’ எனப்படும். தொடக்ககால அவதார்கள் பேசின, நடந்தன, கையசைத்தன. ஆயினும் அவற்றின் முகங்கள் பொம்மையின் முகங்களாகவே இருந்தன. ஹெட்செட்டினுள் ஒருவர் அழுதுகொண்டிருக்க, அவரது அவதார் மாறாத புன்னகையுடன் நின்றது.

முகம் தெரியாத தொடர்பாடலில் உணர்ச்சியைக் காட்ட வேண்டும் என்ற தேவை இதற்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. 1982 செப்டெம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட் ஃபால்மன், கணினிச் செய்திகளில் வேடிக்கையாகக் கூறப்பட்டதைப் பிரித்தறிவதற்காக, நிறுத்தக் குறிகளைக் கொண்டு பக்கவாட்டில் சாய்ந்த சிரிப்பு முகமொன்றை அமைக்க ஆலோசனை வழங்கினார். 1999இல் ஜப்பானில் ஷிகெடகா குரிடா ஒரு கையடக்கத் தொலைபேசி நிறுவனத்திற்காக 176 சிறு சித்திரங்களை வடிவமைத்தார். இன்று உலகெங்கும் பயன்படும் ‘இமோஜி’களின் முன்னோடிகளுள் இவை குறிப்பிடத்தக்கவை. இவ்விரண்டிலும் ஒரு பொதுப்பண்பை அவதானிக்கலாம். அனுப்புபவர் தாமே தெரிவு செய்து அனுப்பும் அடையாளங்கள் இவை. அவர் விரும்பாவிடின் அவை செல்வதில்லை. மெய்நிகர் உலகம் இந்நிலையை மாற்றியமைத்தது.

முகம் எண்களாக மாறிய வரலாறு

முகத்தைக் கணினிக்கு விளங்கவைக்க வேண்டுமாயின் அதனை அளவுகளாக மாற்ற வேண்டும். இதற்கான அடித்தளம் கணினிக்கு முன்னரே இடப்பட்டு விட்டது. பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862இல் வெளியிட்ட நூலில், முகத் தசைகளை மெல்லிய மின்னோட்டத்தினால் தூண்டி, ஒவ்வொரு தசையும் உருவாக்கும் தோற்றத்தைப் புகைப்படங்களாகப் பதிவு செய்தார். உதட்டின் ஓரத்தை மேலிழுக்கும் தசையை மின்சாரத்தால் அசைத்தால் சிரிப்பைப் போன்ற ஒன்று தோன்றுகின்றது. ஆயினும் உண்மையான மகிழ்ச்சியின்போது கண்ணைச் சூழ்ந்துள்ள தசையும் சேர்ந்து சுருங்குகின்றது என அவர் கண்டார். சார்ள்ஸ் டார்வின் மனிதர்களினதும் விலங்குகளினதும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் டுஷெனின் படங்களைப் பயன்படுத்தினார்.

சுவீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் கார்ல் ஹெர்மன் யோர்ட்ஷோவின் ஆய்வுகளைப் பின்பற்றி, அமெரிக்க உளவியலாளர்களான போல் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978இல் முக அசைவுகளைக் குறியிடும் முறையொன்றை வெளியிட்டனர். இம்முறையில் முகத்தின் ஒவ்வோர் அடிப்படை அசைவும் ஓர் எண்ணைப் பெறுகின்றது. புருவத்தின் உள்முனை உயர்தல் 1, புருவம் தாழ்தல் 4, கன்னம் உயர்தல் 6, உதட்டோரம் மேலெழுதல் 12, உதட்டோரம் கீழிறங்குதல் 15 என்றவாறு அவை குறிக்கப்படுகின்றன. மகிழ்ச்சி 6உம் 12உம் சேர்ந்ததாகவும், துயரம் 1, 4, 15 ஆகியன சேர்ந்ததாகவும் கொள்ளப்படுகின்றன. நெடுங்காலமாகக் கவிஞர்களும் ஓவியர்களும் சொல்ல முயன்ற ஒன்று இவ்வாறு ஒரு சில இலக்கங்களாகச் சுருங்கியது.

இதே காலப்பகுதியில், சதர்லண்ட் பணியாற்றிய யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் பார்க் என்ற மாணவர் 1972இல் கணினியில் அசையும் மனித முகமொன்றை உருவாக்கினார். பின்னர் அவர், முகத்தைச் சில அளவுருக்களின் மூலம் இயக்கும் முறையை வகுத்தார். இன்றைய கணினி முகங்கள் பெரும்பாலும் இவ்விரு வழிகளும் சந்தித்ததன் விளைவே எனலாம். எடுத்துக்காட்டாக, ஆப்பிள் நிறுவனத்தின் முகந்தொடரும் மென்பொருள் மனித முகத்தை 52 கூறுகளாகப் பிரிக்கின்றது. தாடை எவ்வளவு திறந்துள்ளது, இடக்கண் எவ்வளவு மூடியுள்ளது, வலப்புறப் புருவம் எவ்வளவு தாழ்ந்துள்ளது என ஒவ்வொன்றும் 0 முதல் 1 வரையான எண்ணாகக் கணிக்கப்படுகின்றது. வினாடிக்குப் பல தடவை கணிக்கப்படும் இவ்வெண்களைப் பெற்று அவதாரின் முகம் அசைகின்றது.

மூடப்பட்ட முகத்தை அளக்கும் வழிகள் படிப்படியாகக் கண்டறியப்பட்டன. 2015இல் ஹாவோ லீ என்பவரும் சக ஆய்வாளர்களும், முகத்தில் படியும் மென்மையான பஞ்சினுள் தசையின் இழுவிசையை உணரும் மெல்லிய உணரிகளைப் பதித்து, வாய்ப்பகுதியை ஒரு கமெராவினால் நோக்கும் ஹெட்செட் ஒன்றைச் செய்து காட்டினர். 2021இல் எச்.ரி.சி. நிறுவனம் உதடு, தாடை, நாக்கு முதலியவற்றின் 38 அசைவுகளை அறியும் துணைக்கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2022 ஒக்டோபரில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட குவெஸ்ட் புரோ என்னும் ஹெட்செட், உட்புறம் நோக்கிய அகச்சிவப்புக் கமெராக்களினால் கண்களையும் முகத்தையும் தொடர்ந்தது. அக்கருவி இப்போது விற்பனையில் இல்லை. 2024 பெப்ரவரியில் வெளிவந்த ஆப்பிள் விஷன் புரோவைப் பயன்படுத்துபவர், முதலில் கருவியைக் கழற்றித் தம் முகத்துக்கு நேரே பிடித்து, தலையைத் திருப்பியும் புன்னகைத்தும் புருவத்தை உயர்த்தியும் காட்ட வேண்டும். அதிலிருந்து உருவாக்கப்படும் அவரது முகத்தோற்றமே பின்னர் உரையாடல்களில் அவருக்குப் பதிலாகத் தோன்றுகின்றது.

இவ்விடத்தில் இப்னுல் ஹைதமின் கூற்றை மீண்டும் நினைவுகூர்தல் பொருத்தமானது. அழுகை என்பது முகத்தின் வடிவமும் கண்ணீரின் அசைவும் என அவர் கூறினார். மேற்குறித்த 52 கூறுகளில் கண்ணீருக்கு இடமில்லை. நாணத்தினால் முகம் சிவத்தலுக்கும் அச்சத்தினால் வெளிறுதலுக்கும் இடமில்லை. முகம் சிவத்தலை ஆராய்வதற்கென டார்வின் தனி அத்தியாயமொன்றையே ஒதுக்கியிருந்தார். தசைகளின் இழுப்பையே மொழியாகக் கொண்ட முறையொன்றில், தசையினால் வெளிப்படாதது சொல்லப்படாமலே போகின்றது.

ஒத்திருத்தலும் உணர்த்தலும்

முகத்தை இன்னும் துல்லியமாகப் பிரதி செய்தால் பிரச்சினை தீர்ந்து விடும் என எண்ணத் தோன்றலாம். இதற்கு மாறான எச்சரிக்கையொன்றை ஜப்பானிய இயந்திர மனிதவியல் அறிஞர் மசஹிரோ மோரி 1970இலேயே விடுத்தார். செயற்கை உருவமொன்று மனிதனை ஒத்திருக்க ஒத்திருக்க நமக்கு அதன்மீது ஈர்ப்பு அதிகரிக்கின்றது. ஆனால் ஒப்புமை ஏறக்குறைய முழுமையடையும் கட்டத்தில் அவ்வீர்ப்பு திடீரெனச் சரிந்து அருவருப்பாகவும் திகிலாகவும் மாறுகின்றது. இச்சரிவை அவர் ஒரு பள்ளத்தாக்காக வரைந்து காட்டினார். மறுபுறம், ஜப்பானின் மரபுவழிப் பொம்மலாட்டமான புன்ராகுவின் பொம்மைகளை அவர் மிக உயர்ந்த இடத்தில் வைத்தார். அவை மனிதரை முற்றாக ஒத்தவையல்ல. ஆயினும் அவற்றின் துயரத்தில் பார்வையாளர் பங்குகொள்கின்றனர்.

இதனை வலியுறுத்தும் வேறு இரு பரிசோதனைகளும் உள்ளன. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் இரு முக்கோணங்களும் ஒரு சிறு வட்டமும் அங்குமிங்கும் அசையும் குறும்படமொன்றைத் தயாரித்து, அதிற் கண்டதை விவரிக்குமாறு மாணவியரிடம் கேட்டனர். முதற் குழுவில் இருந்த 34 பேரில் ஒருவரைத் தவிர ஏனைய அனைவரும் அவ்வுருவங்களை உயிருள்ளவையாகவே விவரித்தனர். பெரிய முக்கோணம் கோபக்காரனாகவும் சிறு வட்டம் அஞ்சி ஒளியும் ஒன்றாகவும் அவர்களுக்குத் தோன்றின. அவ்வுருவங்களுக்குக் கண்ணோ வாயோ இருக்கவில்லை. 1973இல் சுவீடன் உளவியலாளர் குன்னர் யொஹான்சன், இருளில் நடக்கும் மனிதரின் மூட்டுகளில் பொருத்தப்பட்ட ஒளிப்புள்ளிகளை மாத்திரம் காட்டினார். அசையாதபோது வெறும் புள்ளிகளாக இருந்தவை, அசையத் தொடங்கியதும் ஒரு மனிதனாகத் தெரிந்தன. இத்தகைய புள்ளிகளின் அசைவிலிருந்தே மகிழ்ச்சியையும் துயரத்தையும் பிரித்தறிய முடியும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

எனவே, ஒத்திருத்தல் வேறு, உணர்த்தல் வேறு என்பது தெளிவாகின்றது. உணர்ச்சியைக் காட்டுவதற்கு முகம் ஒரு வழி மாத்திரமே.

ஹெராத்தின் ஓவியம் கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையை நன்கறிந்திருந்த கலைமரபுகளுள் பாரசீக நுண்ணோவிய மரபும் ஒன்றாகும். அவ்வோவியங்களில் மன்னரும் வீரரும் காதலரும் பெரும்பாலும் அமைதியான, ஏறக்குறைய ஒரே விதமான முகங்களையே கொண்டுள்ளனர். போர்க்களத்தில் வெட்டுண்டு வீழ்பவனின் முகத்திற்கூடப் பெரும் மாற்றம் இருப்பதில்லை. இதனைக் குறைபாடெனக் கருதுவது தவறாகும். மனவெழுச்சியைச் சொல்லும் பொறுப்பு அங்கு முகத்திடம் ஒப்படைக்கப்படவில்லை. வியப்பு, உதட்டின்மீது வைத்த விரலினால் உணர்த்தப்படுகின்றது. துயரம் கிழித்த ஆடையினாலும் அவிழ்ந்த தலைப்பாகையினாலும் உணர்த்தப்படுகின்றது. எஞ்சியதை நிறமும் நிலக்காட்சியும் கட்டடமும் சொல்கின்றன.

இதன் உச்சநிலையாக, கமாலுத்தீன் பிஹ்ஸாத் ஹெராத் நகரில் சுல்தான் ஹுஸைன் பைகராவின் காலத்தில் வரைந்த ஓவியமொன்றைக் குறிப்பிடலாம். ஸஃதியின் ‘பூஸ்தான்’ பிரதியொன்றிற்காக ஹிஜ்ரி 893இல், அதாவது கி.பி. 1488இல், வரையப்பட்ட அது இப்போது கெய்ரோவிலுள்ள எகிப்தியத் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றது. யூஸுப் (அலை) அவர்கள் ஸுலைகாவிடமிருந்து தப்பிச் செல்லும் காட்சி அதில் இடம்பெற்றுள்ளது. ஸஃதியின் வரிகளில் மாளிகை பற்றிய வர்ணனை இல்லை. ஏழு அறைகள் கொண்ட மாளிகையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்ட வாயில்களும் ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ஜாமி இயற்றிய காவியத்திலிருந்து வந்தவை. பிஹ்ஸாத் அவ்வாயில்களையும் வளைந்து திரும்பும் படிக்கட்டுகளையும் ஓவியத்தின் பரப்பு முழுவதிலும் நிரப்பி, இரு மனிதர்களை மாத்திரம் அவற்றின் நடுவே வைத்தார். பார்ப்பவரின் கண் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குச் சென்று மீண்டும் மீண்டும் தடைப்படுகின்றது. சிக்கிக்கொண்ட ஒருவரின் மூச்சுத்திணறலை எந்த முகமும் நமக்குக் காட்டவில்லை. அதனை நாமே அனுபவிக்கின்றோம்.

மனவெழுச்சியைப் பார்வைக்குரிய முகமாக்காது, உள்ளே புகுந்து உணரத்தக்க இடமாக ஆக்கியதே இவ்வோவியத்தின் சாதனையாகும். மெய்நிகர் யதார்த்தத்திற்கு மிக இயல்பாகப் பொருந்தும் வழியும் இதுவே. ஏனெனில் அதன் மூலப்பொருள் இடமே. இவ்வழியிற் சென்றவர்களும் உள்ளனர். கனடா நாட்டுக் கலைஞர் சார் டேவிஸ் 1995இல் ‘ஒஸ்மோஸ்’ என்ற மெய்நிகர் படைப்பை உருவாக்கினார். அதில் நுழைபவர் மார்பில் அணியும் பட்டியொன்று அவரது மூச்சை அளக்கின்றது. மூச்சை உள்ளிழுத்தால் அவர் மேலெழுகின்றார், வெளிவிட்டால் கீழிறங்குகின்றார். உடலைச் சாய்த்தால் திசை மாறுகின்றது. ஒளி ஊடுருவும் மரங்கள், இலைகள், நீர்நிலை ஆகியவற்றினூடாக அவர் மிதக்கின்றார். அங்கு மனித முகம் எதுவும் இல்லை. பதற்றமும் அமைதியும் மூச்சின் வழியாக உலகின் அசைவாகவே மாறுகின்றன.

முகம் உண்மையைச் சொல்கின்றதா?

இனி, அடிப்படையான வினாவொன்றுக்கு வருவோம். முகத்தின் அசைவை மிகச் சரியாக அளந்துவிட்டால், உள்ளத்தின் நிலையை அறிந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் பல நூறு ஆய்வுகளைப் பரிசீலித்து 2019இல் வெளியிட்ட விரிவான மதிப்பீடு இதற்கு எதிர்மறையான விடையையே தருகின்றது. சினங்கொண்டவர்கள் முகஞ்சுளிப்பது தற்செயலைவிட அதிகமாக நிகழ்கின்றது என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலான வேளைகளில் சினம் வேறு விதமாகவே வெளிப்படுகின்றது. சிலர் மௌனமாகின்றனர், சிலர் புன்னகைக்கின்றனர், சிலர் அழுகின்றனர். மறுதலையாக, முகஞ்சுளித்திருப்பவர் சினங்கொள்ளாது ஆழ்ந்து சிந்திப்பவராகவோ வெயிலில் நிற்பவராகவோ இருக்கலாம்.

1979இல் ரொபர்ட் க்ரவுட், ரொபர்ட் ஜோன்ஸ்டன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வொன்று இதனை மேலும் விளக்குகின்றது. பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டில் ஈடுபட்டோரை அவர்கள் அவதானித்தனர். வெற்றிகரமாகக் கட்டைகளை வீழ்த்திய கணத்தில், அக்கட்டைகளை நோக்கி நின்றபோது விளையாட்டாளர்கள் அரிதாகவே புன்னகைத்தனர். தம் நண்பர்களை நோக்கித் திரும்பியபோதே அவர்களது முகம் மலர்ந்தது. மகிழ்ச்சி முன்னரே உள்ளத்தில் தோன்றியிருந்தது. அதனைப் பெற்றுக்கொள்ள ஒருவர் எதிரில் இருந்தபோதுதான் புன்னகை பிறந்தது. புன்னகை என்பது உள்ளத்திலிருந்து தானாகக் கசியும் ஒன்று மாத்திரமன்று. அது இன்னொருவரை நோக்கிக் கூறப்படும் சொல்லுமாகும்.

தமிழ் மரபு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என அழைக்கின்றது. மெய்ப்பாடுகள் எட்டு எனக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை அது வகுத்துரைக்கின்றது. அழுகைக்கு இழப்பும் வறுமையும் தனித்தனிக் காரணங்களாகக் கூறப்பட்டுள்ளன. எந்தத் தசை எவ்வளவு சுருங்கியது என்பதற்குப் பதிலாக, எதனால் அவ்வுணர்வு எழுந்தது என்ற வினாவே அங்கு முதன்மை பெறுகின்றது. இழந்தவனின் கண்ணீரும் வறியவனின் கண்ணீரும் கமெராவிற்கு ஒன்றுபோலத் தோன்றலாம். அவற்றின் பொருள் ஒன்றல்ல. காரணத்தை அறியாது அடையாளத்தை மாத்திரம் அறிந்தவர், உணர்ச்சியைப் பாதியளவிலேனும் அறிந்தவராகமாட்டார்.

பயனும் பாதகமும்

இத்தொழினுட்பத்தின் பயன்களை மறுத்தல் இயலாது. போரினால் உளப்பாதிப்புக்கு உள்ளானவர்கள் தமது அச்சத்தைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்வதற்கு, 1990களின் பிற்பகுதியிலிருந்தே மெய்நிகர் காட்சிகள் மருத்துவர்களின் துணையுடன் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. தொலைதூரத்திலுள்ள உறவினரோடு உரையாடுகையில், அவரது கண் நம்மை நோக்குவதும் தலை அசைவதும் வெறுங்குரலைக் காட்டிலும் ஆறுதல் தருபவையாகும்.

ஆயினும் அளக்கப்பட்ட ஒன்றை மாற்றுவதும் எளிதாகும். 2016இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இருவர் அவதார்களின் மூலம் உரையாடும் பரிசோதனையொன்றின் முடிவை வெளியிட்டனர். ஒரு சாராரின் புன்னகை உள்ளவாறே காட்டப்பட்டது. மறு சாராரின் புன்னகை கணினியினால் சற்று விரிவாக்கப்பட்டது. விரிவாக்கப்பட்ட புன்னகையுடன் உரையாடியோர் கூடுதலான மனமகிழ்வை உணர்ந்ததாகக் கூறினர். இதனை இனிய செய்தியாகவும் கொள்ளலாம். ஆனால், என் முகத்தில் இல்லாத புன்னகையை என் பெயரால் இன்னொருவருக்கு வழங்கும் உரிமை எவருக்கு உண்டு? விற்பனையாளரின் அவதாரோ அரசியல்வாதியின் அவதாரோ இவ்வாறு புன்னகைக்குமாயின், அதனை எதிர்நோக்குபவர் எதனை நம்புவது?

2020 பெப்ரவரியில் தென்கொரியத் தொலைக்காட்சி நிறுவனமான எம்.பி.சி. ஒளிபரப்பிய ஆவண நிகழ்ச்சி இப்பிரச்சினையின் ஆழத்தை உலகுக்கு உணர்த்தியது. நோயினால் ஏழு வயதில் இறந்த மகளின் உருவத்தை மெய்நிகர் உலகில் அமைத்து, தாயொருவரை அதனோடு சந்திக்கச் செய்தனர். ஹெட்செட்டும் கையுறைகளும் அணிந்த அத்தாய், மகளின் உருவத்தைத் தொட முயன்று வெற்றுவெளியில் கைகளை நீட்டினார். ஹெட்செட்டின் கீழே கண்ணீர் வழிந்தது. அதனைச் சூழநின்றவர்கள் கண்டனர். தொலைக்காட்சிப் பார்வையாளர்கள் கண்டனர். முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்த அக்குழந்தையின் உருவம் அதனைக் காணவில்லை. அச்சந்திப்பு தனக்கு ஆறுதலளித்ததாக அத்தாய் கூறினார். அவரது துயரத்தை அளந்து தீர்ப்புக் கூற எவருக்கும் தகுதியில்லை. ஆனால் அங்கு நிகழ்ந்தது என்ன என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். உணர்ச்சியின் வடிவம் முழுமையாகக் காட்டப்பட்டது. அதனைப் பெற்றுக்கொள்ளும் உள்ளம் எதிரில் இருக்கவில்லை.

இவற்றைவிட அமைதியாக நிகழும் மற்றொன்று உண்டு. அவதாரை அசைப்பதற்காக அளக்கப்படும் எண்கள், அவதாருடன் நின்றுவிட வேண்டும் என்பதில்லை. எந்த விளம்பரத்தின் முன் கண் நிலைத்தது, எந்தச் சொல்லைக் கேட்டுப் புருவம் நெரிந்தது, எந்த மேலதிகாரியின் முன் உதடு இறுகியது என்பனவெல்லாம் பதிவாகக்கூடியவை. நண்பனை நோக்கிக் கூறப்பட்ட ‘சொல்லை’ அழைக்கப்படாத மூன்றாமவர் ஒட்டுக்கேட்டு, அதற்குத் தாமே பொருளும் கற்பிக்கும் நிலை இது. அப்பொருள் பெரும்பாலும் தவறானதாக இருக்கும் என்பதை மேலே கண்டோம். தவறான பொருளே வேலைவாய்ப்பையோ பரீட்சை முடிவையோ தீர்மானிக்குமாயின் பாதிப்பு இரட்டிப்பாகின்றது.

இவ்வாபத்து சிலரால் உணரப்பட்டுள்ளது. மைக்ரோசொப்ட் நிறுவனம் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் தனது சேவையை விலக்கிக்கொள்வதாக 2022 ஜூனில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் மனிதரின் உணர்ச்சிகளை ஊகிக்கும் முறைமைகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கானவை தவிர, தடை செய்கின்றது. அத்தடை 2025 பெப்ரவரி 2ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதற்கு நிகரான எல்லையொன்றை நெடுங்காலத்துக்கு முன்னரே வரைந்திருந்தனர் என்பது இங்கு கருதத்தக்கது. வெளிப்படையானதைக் கொண்டே மனிதர் தீர்ப்பளிக்க வேண்டும். உள்ளத்தின் இரகசியங்கள் இறைவனுக்குரியவை என்பது அவர்களிடையே வழங்கிய பொதுவிதியாகும். அறிவின் இயலாமையை ஏற்றுக்கொள்வதாகவும், மனிதனின் கண்ணியத்துக்கு வேலியாகவும் அவ்விதி ஒருங்கே அமைந்துள்ளது.

முடிவாக

மெய்நிகர் உலகில் மனவெழுச்சிகளைக் காட்டும் முயற்சி இருவேறு பாதைகளில் செல்வதை இதுகாறும் கண்டோம். ஒன்று முகத்தை அளந்து பிரதி செய்யும் பாதை. மற்றொன்று அசைவு, சைகை, இடம், மூச்சு ஆகியவற்றினூடாக உணர்த்தும் பாதை. முதலாவது பாதையில் கருவிகள் வேகமாக வளர்ந்துள்ளன. இரண்டாவது பாதையில் பிஹ்ஸாத் போன்ற ஓவியர்கள் விட்டுச் சென்ற அனுபவம் இன்னும் போதியளவு பயன்படுத்தப்படவில்லை. நமது கலை மரபுகளைக் கற்கும் இளந்தலைமுறையினர் இத்துறையிலும் கால்பதிப்பார்களாயின், அவர்கள் கொண்டுவரக்கூடியவை பல உண்டு.

எப்பாதையாயினும், ஒரு கருவியின் முன் நம் முகத்தை ஒப்படைக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் அவசியமாகும். இங்கு காட்டப்படுவது நான் காட்ட விரும்பியதா? அது நான் கருதியவரைத்தான் சென்றடைகின்றதா? அதில் எதுவும் கூட்டப்படவோ குறைக்கப்படவோ இல்லையா? இவற்றுக்குத் தெளிவான விடை தராத கருவியை நம் பிள்ளைகளின் முகத்தில் அணிவிக்குமுன் சிந்திக்கும் கடப்பாடு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்டு.

அழுகையைக் கண் உருவமாகவும் அசைவாகவுமே அறிகின்றது என்றார் இப்னுல் ஹைதம். கருவியின் கண்ணுக்கும் இது பொருந்தும். எதிரில் இருப்பவர் ஏன் அழுகின்றார் என்பதை அறிய, இன்றும் அவரருகில் அமர்ந்து கேட்கத்தான் வேண்டியுள்ளது.